நாலு ஓம் காட்டிய மென்சவ்வு

அன்று காலை நான் வேலைக்குப் போனபோது என் மேசையில் மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ் ஒன்று இருந்தது.

கடதாசித் துண்டு ஒன்றின் மேல், இன்னும் சூடு ஆறாமல், சுற்றிவர எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையிலும் ஒன்று. காரணமில்லாமல் யாரும் பற்றிஸ் வாங்கி வைப்பதில்லை என்பது என் அனுபவம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் ஆசிரியர் அறைக்குப் பற்றிஸ் வந்தால், அன்று பின்னேரம் யாரோ ஒருவர் தலையில் மேலதிக வகுப்பு விழும். அதனால் அதைத் தொடாமல் கைப்பையை மட்டும் வைத்துவிட்டு நின்றேன்.

“சாப்பிடுங்கோ ரீச்சர்,” என்றபடி நிமலன் உள்ளறையில் இருந்து வந்தான்.

நிமலன் எங்கள் முதலாளி. ஒரு காலத்தில் என்னிடம் இரசாயனவியல் படித்த பிள்ளை. படிப்பித்த பிள்ளை முதலாளியாகிவிட்டால் அவன் என்பதா அவர் என்பதா என்பது எனக்கு இன்றைக்கும் தீராத பிரச்சினை. நேரில் ‘நீங்கள்’ என்பேன். எழுதும்போது ‘அவன்’ என்றுதான் வருகிறது. இதைப் படித்தால் அவன் கோபிக்க மாட்டான் என்று நினைக்கிறேன். கோபித்தாலும் இனிச் சம்பளத்தில் கைவைக்க முடியாது.

“ஆருக்குப் பிறந்தநாள்?” என்று கேட்டேன்.

“பிறந்தநாள் இல்லை. லோகாவின்ர புது ஷீட் நாலு ஓம் காட்டியிருக்கு. நேற்றே வீட்டில இருந்து பார்த்திட்டன். வெளிநாட்டு ஷீட்டே ஆறுதானே ரீச்சர். நாங்கள் வெண்டிட்டம்.”

ஓம் என்பது மின்தடையின் அலகு. நாங்கள் செய்த ஷீட்டுக்கு அந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

நான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். லோகா, அந்த ஷீட்டைச் செய்தவள், பற்றிஸைத் தொடவில்லை. கொம்பியூட்டர் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். வென்ற ஆளின் முகம் அப்படி இருக்காது என்று எனக்குப் பட்டது.

மீனிடம் அடையாள அட்டை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதை மறைத்து என்ன பயன்?

வெள்ளவத்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், கண்ணை அமத்திப் பார்ப்பேன், பிறகு மணந்தும் பார்ப்பேன். கூட வருகிற என் கணவர் நாலடி தள்ளி, என்னைத் தெரியாத ஆள் மாதிரி நிற்பார். “மீனிட்ட ஐடென்டிட்டி கார்ட் கேட்காததுதான் குறை,” என்பது அவருடைய வழக்கமான பகிடி. சோதனைச் சாவடிக் காலத்தில் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பகிடிக்கு இரண்டு தரம் சிரிப்பு வரும், மூன்றாந் தரம் வராது.

அந்தப் புத்திதான் எனக்குச் சோறு போட்டது என்றும் சொல்ல வேண்டும். விடைத்தாள் திருத்துகிறபோது இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரே பிழையை எழுதியிருந்தால்தான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய பிறகு நிமலன் என்னைத் தேடி வந்து வேலை தந்ததும் இதற்காகத்தான். “ரீச்சர், நான் செய்யிறதுகளை நம்பாத ஒரு ஆள் எனக்கு வேணும்,” என்றான். சம்பளம் தந்து சந்தேகப்படச் சொன்ன ஒரே மனிதன் அவன்.

இது சிறுநீரகக் கதை அல்ல

சென்ற கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, பாமன்கடையில் இருந்து ஒரு வாசகி, ‘நீங்கள் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் வேலை செய்தீர்களா, என் மாமாவுக்கு விசாரிக்க வேண்டும்’ என்று கேட்டிருந்தார். எங்கள் மாடிக் குடியிருப்பிலும் இதே பாடுதான் பட்டேன். எலக்ட்ரோடயாலிசிஸ் என்று ஒருநாள் லிஃப்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாடி அன்ரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, என் கணவரின் கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

விசயம் இவ்வளவுதான். உப்புத் தண்ணீரில் உப்பு முழுசாக இல்லை. நேர் ஏற்றம் உள்ள துணிக்கையாகவும் மறை ஏற்றம் உள்ள துணிக்கையாகவும் பிரிந்து நிற்கிறது. இவற்றுக்கு அயன் என்று பெயர். தண்ணீருக்குள் மின்சாரம் விட்டால் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் ஓடும். ஓடுகிற வழியில் இரண்டு வகை மென்சவ்வுகளை மாறி மாறி நிறுத்த வேண்டும். ஒரு வகை நேர் அயனை மட்டும் விடும், மற்ற வகை மறை அயனை மட்டும் விடும். முடிவில் ஓர் அறையில் உப்பு சேரும், அடுத்த அறையில் குடிக்கக்கூடிய தண்ணீர் மிஞ்சும். உவர்க் கிணறுகளை நம்பி இருக்கிற கரையோர ஊர்களுக்கு இப்படி ஒரு மெசின் கொடுப்பதுதான் நிமலனின் திட்டம்.

அந்த மென்சவ்வைத்தான் நாங்கள் ஷீட் என்போம். தெமட்டகொடையில் ரயில் யார்டைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் லோகா அதைச் செய்தாள். பிசின் மணிகளை மாவாக அரைத்து, பிளாஸ்டிக்கைக் கரைத்த கரைசலில் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஒரு நேரான அலகால் ஒரே இழுவையில் பரப்புவாள். இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். காய்ந்ததும் தட்டோடு தண்ணீருக்குள் வைத்தால் ஓரம் மெல்லக் கிளம்பி, தோல் உரிவது போல ஷீட் தானாகக் கழன்று வரும். பிறகு அதை உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவாள். அந்தக் கரைப்பானின் மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மத்தியானத்துக்குள் தலையிடி வந்துவிடும். அதைப் பற்றி நான் அடிக்கடி முறையிட்டிருக்கிறேன். லோகாவின் காதில் விழவும் முறையிட்டிருக்கிறேன்.

லோகேஸ்வரி ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளை. கம்பஸில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் எடுத்தவள். கொட்டாஞ்சேனையில் தாயோடும் தம்பியோடும் வாடகைக்கு இருந்தாள். என்னை அக்கா என்பாள். மகள் வயதுதான், ஆனாலும் அன்ரி என்று சொல்லாததற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

அவள் செய்வாள், நான் சோதிப்பேன். இதுதான் ஏற்பாடு. அந்த மாதம் நிமலன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். எங்கள் ஷீட்டின் தடை வெளிநாட்டு ஷீட்டைப் போல ஆறு ஓமுக்கு இறங்காவிட்டால், செய்கிற பகுதியை மூடிவிட்டு ஷீட்டை இறக்குமதி செய்வது. மெசினின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது மட்டும் இங்கே. அப்படி மூடினால் எனக்கு வேலை இருக்கும். லோகாவுக்கு இருக்காது.

இப்போது ஷீட் நாலு ஓம் காட்டியிருந்தது.

நல்லதுக்கும் ஒரு அளவு உண்டு

பிசின் மாவைக் கலந்து வார்த்த ஷீட் நாலு ஓம் காட்டாது. எட்டுக் காட்டினால் பரவாயில்லை என்பேன். ஏழு காட்டினால் கெட்டிக்காரி என்பேன். ஆறு காட்டினால் இன்னொரு தரம் அளப்பேன். நாலு காட்டினால் கதவைச் சாத்திவிட்டு, உண்மையைச் சொல் என்பேன்.

முதலில் ஓட்டை என்று நினைத்தேன். ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் உப்பு அதற்குள்ளால் ஓடி, தடையைக் குறைத்துக் காட்டும். வெள்ளைத் தாளின் மேல் ஷீட்டை விரித்து, சாயத் தண்ணீர் பூசி அமத்தினேன். தாள் வெள்ளையாகவே இருந்தது.

சரி, ஓட்டை இல்லை. அப்படியானால் ஆறையும் விட நல்ல வெளிநாட்டு ஷீட் ஒன்றை எங்கோ எடுத்து வெட்டி, தன்னுடையது என்று வைத்துவிட்டாளா? வெளிநாட்டு ஷீட்டுக்குள் ஒரு மெல்லிய வலை இருக்கும். யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வலை இல்லை. ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது, அது லோகாவின் கை. எதுக்கும் இருக்கட்டும் என்று மணந்தும் பார்த்தேன். அந்தச் சனியன் பிடித்த மணமேதான்.

“என்னக்கா தேடுறீங்க?” என்றாள் லோகா, பின்னால் இருந்து.

“ஒண்டுமில்லை. சும்மா பாக்கிறன்.”

“சும்மா பாக்குற ஆளா நீங்க,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்புக் கண்ணுக்கு ஏறவில்லை.

அவள் கரைசல் கலக்கப் போனதும் ஷீட்டைக் கலத்தில் பூட்டி நானே அளந்தேன். கலம் என்பது இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் நிற்கிற ஒரு பெட்டி. நடுவில் ஷீட் நிற்கும். பெட்டிக்கும் அதில் உள்ள தண்ணீருக்கும்கூடத் தடை உண்டு. ஆகவே ஷீட் இல்லாமல் வெறுங்கலத்தை அளந்து, அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஷீட்டின் தடை. அன்று மொத்தம் பத்து. வெறுங்கலம் மூன்று. மிச்சம் ஏழு.

கழற்றிப் பூட்டி, தண்ணீரை மாற்றி, திரும்பவும் அளந்தேன். ஏழுதான்.

முந்தின நாள் மத்தியானம் அளந்ததும் நானேதான். கையில் ஈரக் கையுறை இருந்ததால் நான் எண்களைச் சத்தமாகச் சொல்ல, அடுத்த அறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து லோகா அடித்தாள். பல துண்டுகள், பல சோதனைகள். வாயால் சொன்ன எண்ணை நான் தலையில் வைத்திருப்பதில்லை. ஆனால் ஏழு காட்டுகிற ஷீட்டுக்கு நான் நாலு என்று சொல்லியிருக்க முடியாது. ஏழை நாலாக்க ஒரு விரல் போதும். அந்த விரல் யாருடையது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மனிதரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் எண்ணைப் பார்க்க மறந்துபோகும். ஏழுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். வாழ்நாள் முழுக்கக் கணக்கோடு கிடந்த எனக்கு அன்று நெடுநேரம் அது ஓடவில்லை. நான் லோகாவின் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்க் கதைத்தாள். ஏன்? நிமலன் ‘கெட்டிக்காரி’ என்று சொன்னபோது தலையைக் குனிந்தாள். ஏன்? என்னை இரண்டு தரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். அது ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ப்ளேன்டீ இரண்டு

பின்னேரத்துக்குள் அறிக்கையை, மெசினுக்குப் பணம் தரும் வடக்குத் திட்டக்காரருக்கு அனுப்ப வேண்டும், செய்தவள் பெயரும் சோதித்தவள் பெயரும் இருக்க வேண்டும் என்று நிமலன் சொல்லிவிட்டு வெளியே போனான். என் பெயரில் ஒரு பொய் போகப்போகிறது. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“வாரும், கீழ போய் ஒரு டீ குடிப்பம்,” என்று லோகாவைக் கூப்பிட்டேன்.

கட்டடத்துக்குக் கீழேயே ஒரு தேநீர்க் கடை இருந்தது. “அய்யே, ப்ளேன்டீ தெகக்,” என்று சிங்களத்தில் இரண்டு சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்தோம். ரயில் ஒன்று போய் முடியும் வரை காத்திருந்தேன்.

“லோகா, நான் இண்டைக்கு உம்மட ஷீட்டைத் திரும்ப அளந்தனான். ஏழு காட்டுது.”

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். நான் எதிர்பார்த்தது அழுகை. அல்லது சத்தம். அவள் நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

“ஏழா? அப்ப நீங்க மாத்தலையா?”

“நான் என்னத்த மாத்திறது?”

“ஷீட்ட. வேற ஏதோ நல்ல வெளிநாட்டு ஷீட்ட வச்சு அளந்துட்டு என்னோடதுன்னு சொல்றீங்களோன்னு நெனச்சேன்.” தலையைக் குனிந்துகொண்டே தொடர்ந்தாள். “கோவிச்சுக்காதீங்க அக்கா. நாலு வராதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே செய்யிறேன். இன்னைக்கு நாலுன்னு போயிரும். நாளைக்கு யாராவது அளந்து ஏழும்பாங்க. அப்ப கள்ளி யாரு? நான்தானே. எங்க செக்‌ஷன மூடிட்டா உங்களுக்கும் தலைவலி இருக்காது.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னை, இவள், சந்தேகப்படுவதா? காலையில் இருந்து நான் அவளைச் சந்தேகப்பட்டது அந்த நிமிடம் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

“விசர்க் கதை கதையாதையும். நான் ஏழெண்டு சொன்னதை நீர்தான் நாலெண்டு அடிச்சிருக்கிறீர்.”

“ஏழுன்னுதான் சொன்னீங்க. வெறுங்கலம் மூணக் கழிச்சேன். நாலு.”

“நான் கழிச்சுப்போட்டுத்தானே சொன்னனான்.”

“இல்லையே. நான் கேட்டேனே அக்கா. ‘ஏழு, கழிக்காததா அக்கா?’ன்னு கேட்டேன். நீங்க ‘ஓம் ஓம்’னு சொன்னீங்க.”

தேநீர்க் கடைக்காரர் எங்களுக்குள் சண்டை என்று நினைத்து ரேடியோவைக் குறைத்தார்.

எனக்கு இப்போது ஞாபகம் வந்தது. அந்த நேரம் ரயில் போய்க்கொண்டிருந்தது. அவள் கேட்டதில் கடைசி ‘...தா அக்கா?’ மட்டும்தான் காதில் விழுந்தது. அதற்குச் சற்று முன்னால் வேறொரு சோதனையின் எண்களை மில்லிவோல்ட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வது மில்லிவோல்ட்டா ஓமா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். அலகைச் சொன்னேன். ரயிலுக்கு மேலால் கேட்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னேன். ஓம், ஓம்.

அவளுக்கு அது ‘ஆமாம், ஆமாம், கழிக்காததுதான்’ என்று கேட்டிருக்கிறது.

ஆமாவும் ஓமும்

மற்ற நாட்டுத் தமிழருக்கு இந்த விபத்து நடந்திருக்காது. யாழ்ப்பாணத்தாருக்கு வாயைத் திறந்தால் ஓம். கடையில் ஓம், கோயிலில் ஓம், போனில் ஓம் ஓம் ஓம். மின்தடைப் பாடம் படிப்பிக்கும்போது, “இதின்ர அலகு ஓம்தானே?” என்று கேட்பேன். வகுப்பே “ஓம்” என்று கத்தும். எது விடை, எது ஆமாம் என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

லோகாவின் வீட்டில் ஆமாதான். கொழும்புக்கு வந்த புதிதில், அவள் ஆமா என்றால் சிலர் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார்களாம். வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு அம்மா, ‘நீங்கள் தோட்டப் பக்கமோ?’ என்று கேட்டு, அறை இல்லை என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அவள் காதைப் பழக்கி, ஓம் என்று கேட்டால் ஆமா என்று எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய காதுக்குத்தான் நான் அன்று அலகைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டுக்கார அம்மாவின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் சொந்தக்காரரில் பலருக்கு அந்தக் குரல் உண்டு.

சிரித்தோம் என்று சொல்ல ஆசை. லோகா சிரித்தாள். நான் பாதிதான் சிரித்தேன்.

ஏனென்றால் மற்றப் பாதி வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தது. விளக்கம் கொஞ்சம் அதிகமாகப் பொருந்துகிறதே. ரயில், அலகு, கழித்தல் எல்லாம் அச்சாக வந்து விழுகிறதே. பிடிபட்டதும் யோசித்து எடுத்ததாக இருக்குமோ?

கதவின் கண்ணாடி

மேலே வந்தோம். நிமலன் இன்னும் வரவில்லை. அறிக்கை திரையில் திறந்து கிடந்தது, நாலு ஓமோடு.

இருவரும் சேர்ந்து நின்று திருத்தியிருக்கலாம். நல்ல மனுசி அதைத்தான் செய்திருப்பாள். நான் சொன்னேன்: “எனக்குத் தலையிடிக்குது. கடையில குளிசை வாங்கிக்கொண்டு வாறன். நீர் இதைப் பாரும்.”

திருத்தும் என்று சொல்லவில்லை. பாரும் என்றேன். வேண்டுமென்றே.

வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். படியிறங்கவில்லை. அந்தக் கதவில் நெடுக்காக ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது, தூசி படிந்து. சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற ஆளாக நான் வருவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். என் கணவர் நம்பியிருப்பார்.

லோகா உடனே கொம்பியூட்டரைத் தொடவில்லை. உப்புத் தண்ணீர்த் தட்டுக்குப் போனாள். ஷீட்டை இரண்டு விரலால் தூக்கினாள். தண்ணீர் சொட்டி முடியும் வரை பிடித்தபடியே நின்றாள். திரும்பவும் அதைத் தண்ணீருக்குள் விட்டு, விரலால் அமத்தி, மடிப்பை எடுத்துவிட்டாள். கையைத் துவாயில் துடைத்தாள். பிறகு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அவள் திருத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, திருத்தக்கூடாது என்று வேண்டிக்கொண்டேனா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒன்றில் அவள் என் சந்தேகத்தில் இருந்து தப்புவாள், மற்றதில் என் புத்தி சரியென்று ஆகும்.

அவள் எண்ணை அழித்தாள். புது எண் அடித்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் அப்படியே செய்தாள். கடைசியில் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அவ்வளவு தூரத்தில் இருந்தும் அது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

நான் கீழே போய், வேண்டாத குளிசையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

“திருத்திட்டேன் அக்கா. ஏழுன்னு அனுப்பியாச்சு.”

“நல்லது,” என்றேன். அப்படியிருந்தும் திறந்து பார்த்தேன். ஏழு என்றுதான் போயிருந்தது.

நிமலன் அளந்தது

நிமலன் வந்து கேட்டபோது சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரயில், ஓம், கழித்தல் என்று எல்லாவற்றையும் நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு லோகாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து நாலு போடயில்லை?”

“என்னையோ கேட்கிறீங்கள்?” என்றேன்.

“நம்பக் கூடாது எண்டு சொல்லித் தந்தது நீங்கள்தானே ரீச்சர்.”

கையுறை போட்டுக்கொண்டு அவனே அளந்தான். நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம், பரீட்சை மண்டபத்தில் நிற்பது போல. வெறுங்கலத்தையும் அவனே அளந்தான். ஏழு வந்தது. இன்னொரு துண்டிலும் ஏழு.

“அனுப்ப முதல் என்னட்டக் கேட்டிருக்கலாம் லோகா,” என்றான் கடைசியில்.

“கேட்டிருந்தா என்ன சேர் சொல்லியிருப்பீங்க?”

அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“நாலுன்னு போட்டா அடுத்த தடவையும் நாலு கேப்பாங்க சேர்,” என்றாள் அவள். “நான் எங்க போயி நாலு எடுக்கிறது?”

அதற்குப் பிறகு நடந்ததை நீட்ட விரும்பவில்லை. ஏழு, ஆறை விடப் பெரிது. இறக்குமதி ஷீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. மெசின் பூட்டுகிற வேலையில் இரு என்று நிமலன் கேட்டான். நல்ல மனத்தோடுதான் கேட்டான். ஸ்பானர் பிடிக்க நான் படிக்கலை சேர் என்று அவள் மறுத்துவிட்டாள். மாத முடிவில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவித் துடைத்து அலுமாரியில் அடுக்கினாள். அந்த மணம் போய்விட்டது. என் தலையிடியும் போய்விட்டது. அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோசம் இல்லை.

பஸ் தரிப்பில்

கடைசி நாள் பின்னேரம் அவளோடு பஸ் தரிப்பு வரை நடந்தேன். அவள் கொட்டாஞ்சேனைப் பக்கம். நான் மருதானையில் ரயில் மாறி வெள்ளவத்தை போக வேண்டும், பஸ் தரிப்பில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. தூறல் போட்டது. அவளிடம் குடை இருந்தது, என்னையும் அதற்குள் எடுத்துக்கொண்டாள்.

பெயின்ற் செய்கிற இடம் ஒன்றில் வேலைக்குக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். அங்கேயும் கரைப்பான் மணம்தான் என்று சிரித்தாள்.

நான் பல நாளாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன். “லோகா, நீர் அண்டைக்குத் திருத்தினது பெரிய காரியம். நான் உம்மளைப் பிழையா நினைச்சிட்டன். இப்ப எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.”

பஸ் ஒன்று வந்தது, அவளுடையது இல்லை. அது போனதும் கேட்டாள்:

“குளிச வாங்கப் போகாம கதவுக்குப் பின்னால நின்னீங்கல்ல அக்கா?”

நான் குடைக்கு வெளியே ஓரடி விலகினேன்.

“கண்ணாடியில உங்க சாரி தெரிஞ்சுது. நான் ஷீட்டத் தூக்கிப் பாக்கும்போதே தெரிஞ்சுது.” குரலில் கோபம் இல்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே சொன்னாள். “நீங்க நிக்காட்டியும் நான் திருத்தித்தான் இருப்பேன். ஆனா இனிமே அத உங்களால நம்ப முடியாதுல்ல?”

அவளுடைய பஸ் வந்தது. குடையை மடக்காமல் என் கையில் தந்துவிட்டு ஏறினாள்.

‘நம்புகிறேன்’ என்று நான் கத்தியிருக்க வேண்டும். யன்னலால் அவள் எட்டிப் பார்த்துக் கையசைக்கும் வரை எனக்கு அதற்கு நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த நிமிடத்திலும், யாரும் பார்க்காவிட்டால் அவள் என்ன செய்திருப்பாள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.